ஜன்னலோர சீட்

"வரிசைன்னா வரிசைதான் தம்பி. எல்லாருக்கும் வீடு வாசல் இருக்கு."

முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார். அவர் முதுகில் ஒரு பெரிய மேளம். தோற்ற அணிக்காக மூன்று மணி நேரம் அடித்ததில் அதன் தோல் கிழிந்திருந்தது. அந்த மேளத்தைத் தாண்டி ஓர் எறும்புகூடப் போக முடியாது.

அவன் எக்கிப் பார்த்தான். முப்பது தலைகளுக்கு அப்பால், கரையொதுங்கிய திமிங்கலம் போலக் கதவை மூடிக்கொண்டு கிடந்தது பஸ். இரண்டு பக்கமும் நெஞ்சுயர இரும்புக் கம்பிகள். பின்னால், மைதானமே காலியாகி வந்து நின்றது. முன்னே போனால் முட்டியது, பின்னே போனால் உதைத்தது.

இரண்டாம் பாதியை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நழுவினான். கூடுதல் நேரம் வரும், அதற்குமேல் பெனால்டியும் வரும் என்று யார் கண்டது? வேலைச் சட்டைக்கு மேல் மாட்டிய ஜெர்சி வியர்வையில் ஒட்டி மூச்சு முட்டியது.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"எங்கய்யா இருக்கே?"

"பஸ் ஸ்டாண்டுலதான் சார். பஸ்ஸப் பாத்துக்கிட்டேதான் நிக்கிறேன்."

"ஆறு மணிக்கு நீ சீட்ல இல்லன்னா, அந்த சீட்டே இனிமே உனக்கு இல்ல. போன மாசமே சொல்லிட்டேன்."

மணி ஐந்து ஐம்பது. வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த ஆர்டரைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் மாமனார் பெண்ணையே கொடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. ஆறு மணிக்கு நான் சீட்ல உக்காந்தாகணும்."

"நாங்க மட்டும் கூரை மேல உக்காரவா நிக்கிறோம்?" என்றார் மேளக்காரர்.

"இல்லண்ணே, எனக்குன்னு ஒரு சீட்டு இருக்கு."

பின்னால் நின்ற குடைக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "ஐயா ரிசர்வ் பண்ணிட்டு வந்திருக்காராம். எந்தப் பக்கம், ஜன்னலோரமா?"

"ஜன்னலோரம்தாங்க," என்றான் பரிதாபமாக.

வரிசையே சிரித்தது. தோற்ற நாளில் சிரிப்பதற்கும் ஒன்று கிடைத்ததே என்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது.

"கதவையாவது தெறந்து விடலாம்ல? டிரைவர் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்றாள் அந்த அம்மா.

"டீக்கடையில கதை பேசிட்டு இருப்பான்," என்றார் மேளக்காரர். "கையில கெடச்சா, இந்த மேளத்துக்கு அவன் தோலத்தான் போடணும்."

அவன் மேளத்தின் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து ஐம்பத்தெட்டு. போன் மறுபடி அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. கண் தன்னால் கலங்கியது, மூக்கை உறிஞ்சினான்.

அந்தச் சத்தம் கேட்டு மேளக்காரர் முதல் தடவையாகத் திரும்பினார். "அட, அழுவுறியா? ஆட்டம்னா ஒருத்தன் தோக்கத்தான்யா செய்வான்."

"ஆட்டத்துக்கு இல்லண்ணே. ரெண்டு நிமிஷத்துல என் வேலை போயிடும்."

மேளக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மேளத்தைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். "ஏங்க, முன்னாடி நிக்கறவங்க, இவருக்குக் கொஞ்சம் வழி விடுங்க. பாவம், பொழப்புப் பிரச்சனை." கம்பியோரமாக ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து பிறந்தது. "போய்யா. யாராவது கேட்டா, மேளக்காரன் அனுப்பினான்னு சொல்லு. ஆமா, எந்த சீட்டுய்யா உனக்கு?"

அவன் சந்துக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, மேளத்தை அண்ணாந்து பார்த்தான்.

"டிரைவர் சீட்டுண்ணே."