ஆவணி ஒன்று, விடியுமுன்

கோழி இறக்கைகளைத் தின்று முடித்துவிட்டான். எலும்பைக்கூட விடவில்லை.

பீரை இன்னும் தொடவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையத்தின் அந்த மதுக்கூடத்தில் ஜன்னல் கிடையாது. எழுந்து வாசல்வரை போய் விமான நேரப் பலகையைப் பார்த்தான். திருச்சி, ஆறு நாற்பது. வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். மறுபடியும் அதே ஆறு நாற்பதுதான்.

வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

தை மாதம் விடுப்பில் போனபோது விமானத்திலேயே குடித்துவிட்டு இறங்கினான். திருச்சியில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, ஐந்து வயது மகள் அவனைப் பார்த்ததும் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். விடுப்பு முடியும்வரை பக்கத்தில் வரவேயில்லை.

அந்த வெட்கம் தாங்காமல்தான் கருப்பர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டான். ஆடி முடியும்வரை ஒரு சொட்டு தொடுவதில்லை.

தொடவில்லை. விடுதியில் கூட இருந்தவர்கள் சாமியார் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தான்.

நேற்றோடு ஆடி முடிந்தது. இரவு பன்னிரண்டுக்கே தேதி மாறிவிட்டது என்றது கைபேசி. ஊர்க்கணக்கு அப்படியில்லை. பொழுது விடிந்தால்தான் மறுநாள்.

கருப்பருக்கு எந்தக் கணக்கோ.

இங்கே விடிய ஏழாகும். அதற்குள் விமானம் கிளம்பிவிடும்.

கோப்பையைக் கிட்டே இழுத்தான். தள்ளி வைத்தான். நாக்கு ஊறியது. தன் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆறு மாதம் இருந்தவனுக்கு இந்தக் கொஞ்ச நேரம் இருக்க முடியவில்லை.

கைபேசி அடித்தது. மனைவி பவளக்கொடி. அறந்தாங்கியில் அப்போது மணி மூன்று. திருச்சிக்குக் கிளம்பக் கார் சொல்லியிருந்தாள்.

“கயித்த அவுத்துட்டீங்களா?”

“இல்ல.”

“குடிச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. பாப்பாவ இங்கயே விட்டுட்டு நான் மட்டும் வாரேன்.”

“குடிக்கல, பவளம்.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க.”

சொன்னான்தான். வாய் நாற நாறச் சொன்னான்.

“வீடியோவுல வாங்க.”

எழுந்து வெளியே போய்விடலாம். நாற்காலி வரிசையில் உட்கார்ந்து முகத்தைக் காட்டலாம். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாத சிவப்பு என்றால் அவள் நம்பப்போவதில்லை.

மேசையில் கோப்பை விளிம்புவரை இருந்தது. குடிக்கவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. வாங்கினான் என்பதற்கும் அதுவேதான்.

வீடியோவைப் போட்டுக் கைபேசியைக் கோப்பையின் பக்கம் திருப்பினான்.

அவள் முகம் திரைக்குக் கிட்டே வந்தது.

“நொர பூராவும் அடங்கிக் கெடக்கு. எப்ப வாங்குனது?”

“நாலு மணிக்கு.”

“இப்ப அங்க மணி என்ன?”

“அஞ்சர.”

கைபேசியை அப்படியே பிடித்திருந்தான்.

பிறகு திரை ஆடியது. அவள் நடந்துகொண்டிருந்தாள். கதவு திறந்தது. இருட்டில் ஒரு கட்டில் தெரிந்தது.

“பாப்பா. எந்திரி. அப்பா வர்றாங்க.”