மாற்று ஆள்

தென்மாவட்டங்கள் நான்கின் மின்சாரத்தையும் குடிநீரையும் இணையத் தாக்குதலிலிருந்து காக்கத் தெரிந்தவள் பெர்னதெத் ஒருத்திதான். மாற்று ஆள் வரும்வரை அலுவலகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது சட்டம். ஆறு வருஷமாக அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்தாள். மகளின் கல்யாணத்தைக்கூடத் திரையில்தான் பார்த்தாள்.

அன்றுதான் முதன்முறையாக அந்த வேலையைக் கேட்டு ஒருத்தி வந்தாள். பெயர் சபுரா. வைத்த தேர்வை ஒரு பிழையில்லாமல் அரை மணியில் முடித்துவிட்டாள். பெர்னதெத் வேலை உத்தரவுத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். இனி சபுரா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"லீவெல்லாம் கிடைக்கும்ல மேடம்? வீட்ல மூணு வயசுல மகன் இருக்கான்."

கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலமே கரூரிலுள்ள மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம். பெர்னதெத் உத்தரவுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கிடைக்காதும்மா. கையெழுத்துப் போட்டா நீ வெளிய போக முடியாது. பிள்ளைகிட்ட போ."

சபுரா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனவளைப் பெர்னதெத் கூப்பிட்டாள்.

"காபி போடுதேன், குடிச்சிட்டுப் போறியா? யார்கூடயாவது உக்காந்து குடிச்சு ரொம்ப நாளாச்சு."

சபுரா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.