வாடகைப் பாக்கி

இதை எனக்கு முதலில் சொன்னவர், ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவந்த அம்மாள். எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்தது.

"ஒன்பது மாசமா வாடகை வரல, வக்கீல் சார். இன்னிக்கே நோட்டீஸ் அனுப்புங்க!" என்றார் மரக்கடை முதலாளி.

எதிர் நாற்காலியில் இருந்தவர், அவருடைய உடன்பிறந்த தங்கை. அண்ணன் கட்டடத்தின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்களைப் போட்டு, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துபவர்.

"அண்ணா, நமக்குள்ள என்ன வாடகை? ஊர் சிரிக்காதா?"

"பல்லு இருக்கிறவன் சிரிக்கட்டும். பதினஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணியிருக்கு. நீ கையெழுத்துப் போட்டியா, இல்லையா?"

"நீங்க நீட்டினீங்க, நான் போட்டேன்."

"போட்ட கையெழுத்துக்கு மதிப்பு வேண்டாமா?"

தட்டச்சு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று கட்டடங்களுக்குச் சொந்தக்காரர். தங்கையின் தையல் கூலியிலா கண் வைப்பது? அந்த மனிதரின் தலையில் குட்டுவதுபோல ஒவ்வொரு விசையையும் தட்டி, நோட்டீசில் முகவரியை அடிக்கத் தொடங்கினார்.

"உங்க பெரிய பையன் நேத்துகூட, 'அத்தை, வாடகையெல்லாம் எதுக்கு, விடுங்க'ன்னு சொன்னான். அவனுக்கு இருக்கிற மனசு உங்களுக்கு இல்லையே!" என்றார் தங்கை.

அண்ணன் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"ஏன் சொன்னான் தெரியுமா? போன வாரம் அவனும் தம்பியும் உன் அறையை அளந்துட்டுப் போயிருக்கானுங்க, கார் நிறுத்த. நான் கண்ணை மூடினதும் பத்திரத்தைத்தான் பிரிப்பானுங்க. பாக்கி விழுந்தா காலி பண்ணச் சொல்லலாம்னு அதுல இருக்கு!"

தங்கையின் முகம் வெளிறியது. "அப்படின்னா எதுக்கு ஒப்பந்தம்? சும்மாவே இருந்திருப்பேனே, அண்ணா?"

வக்கீல் குறுக்கிட்டார். "சும்மா இருக்க விட்டா, அது அவரோட விருப்பம்மா. அவரோட போயிடும். வாடகை கட்டி ரசீது வாங்கினா, அது உங்க உரிமை. அவர் பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். பாக்கியை இப்பவே தீர்த்துட்டா, பழைய தவறு சரியாயிடும்."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தார்.

"இனிமே மாசம் தவறாம வந்து வைக்கிறேன். அப்பவும் திட்டினா பாருங்க."

"தேதி தவறினா திட்டத்தான் செய்வேன்," என்று சொல்லி அண்ணன் கையை நீட்டினார்.

"நோட்டீஸ் வேண்டாம்மா. ரசீது அடிங்க," என்றார் வக்கீல்.

தட்டச்சு அம்மாள் புதுத் தாளைச் செருகினார். "தொகை எவ்வளவுன்னு போட, சார்?"

வக்கீல் பத்திரத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"ஒன்பது மாத வாடகைப் பாக்கி, மாதம் ஒரு ரூபாய் வீதம், ஆக மொத்தம் ஒன்பது ரூபாய்."