மச்சான் மக்கு

பக்கத்து மேசையில் மைத்துனன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். ஸ்டோர் கீப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லினக்ஸ் சர்வர் பயிற்சி இன்றோடு முடிகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பரீட்சை. இவன் என்னடாவென்றால் பந்திக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"ஏன் மச்சான், ஒரு வாரமா ஒரு பட்டனாவது தட்டினியா?"

"எங்க தட்டுறது அத்தான்? அதுதான் உள்ளேயே விட மாட்டேங்குதே. சார்கிட்ட கேட்டுடட்டுமா?"

"கேளு, கேளு. ஒரு வாரம் தூங்கிட்டுப் பரீட்சை அன்னிக்குக் கேளு. குடும்ப மானம் கப்பலேறட்டும்."

"முன்னாடி கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க" என்று முனகிவிட்டு மைத்துனன் அடுத்த கொட்டாவிக்குத் தயாரானான்.

இரண்டு பேரையும் ஒரே கம்பெனிதான் அனுப்பியிருந்தது. நன்றாகச் செய்கிறவர் சர்வர் இன்சார்ஜ். ஏசி அறை, சுழல் நாற்காலி. மற்றவர் பழையபடி கோடவுனுக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோடவுன் தூசியில் தும்மிக்கொண்டிருந்த ஸ்டோர் கீப்பருக்கு அந்த ஏசி அறை கனவிலேயே வர ஆரம்பித்திருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் உழைத்தார். சர்வர்கள் எல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்தார்கள். மேசையில் ஒட்டிய சீட்டில் அவரவர் மிஷினின் முகவரி இருக்கும். அதை அடித்துத்தான் உள்ளே போகவேண்டும். முதல் நாள் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு தடவை அடித்ததோடு சரி. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரி தானாக வந்து நிற்கும் என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த வித்தையை வீட்டில் மனைவியிடம் இரண்டு முறை சொல்லிப் பெருமைப்பட்டார்.

"என் தம்பிக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றார் இவர்.

எல்லா மிஷினுக்கும் வாத்தியார் கொடுத்தது ஒரே பாஸ்வேர்டு. முதல் வேலையாக அதை மாற்றச் சொன்னார். அன்றைக்கு மைத்துனன் தாமதம். அந்தக் கடுப்பில் ஸ்டோர் கீப்பர் 'மச்சான் மக்கு' என்று பாஸ்வேர்டு வைத்தார். காலையில் அதை அடிக்கும்போதெல்லாம் ஒரு தெம்பு வரும்.

வாத்தியார் முன்னால் வந்து நின்றார். வகுப்பில் எல்லோரும் இளவட்டங்கள். ஸ்டோர் கீப்பர் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த மூக்குக்கண்ணாடியை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல் நாள் சொன்னதுதான். ஆளைப் பார்த்து மார்க் கிடையாது, மிஷினைப் பார்த்துத்தான். அடுத்தவங்க மிஷின்ல கை வெச்சது தெரிஞ்சா, அப்பவே வெளியே."

பின்வரிசையில் கம்பெனி மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் தன் மேசையிலிருந்தே, எந்த மிஷினையும் திறக்கும் தன் தனிக் கணக்கில் ஒவ்வொன்றாகத் திறந்து, சுவரில் பெரிதாகக் காட்டிக்கொண்டே வந்தார். ஸ்டோர் கீப்பரின் முறை வந்தது.

"என்ன சார் இது? வாங்கின மாதிரியே இருக்கு. பாஸ்வேர்டுகூட மாத்தலை. ஒரு வாரமா என்ன பண்ணீங்க?"

"நேத்துக்கூட எல்லாம் இருந்துச்சு சார்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"சர்வருக்குக் காலா இருக்கு, ஓடிப்போக?" என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்ததைத் திறந்தார். மைத்துனனுடையது. அவர் புருவம் மேலே போனது.

"வெப்சைட் ஓடுது. பேக்கப் தானா எடுத்துக்குது. ஃபயர்வால் கச்சிதம். இந்த வகுப்புல இதுதான் முதல்."

மேனேஜர் எழுந்து வந்து மைத்துனனின் தோளைத் தட்டினார். "நாளையிலேருந்து சர்வர் இன்சார்ஜ் நீங்கதான் தம்பி." மைத்துனன் திருதிருவென்று விழித்தான்.

அடப்பாவி, தூங்குவது மாதிரி நடித்து என் வேலையை அப்படியே சுருட்டிவிட்டானே. ஸ்டோர் கீப்பருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாத்தியாரிடம் புகார் செய்தே தீருவது என்று எழுந்தார். புகாருக்கு மிஷின் முகவரி வேண்டுமே. கௌரவம் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேசைச் சீட்டைப் படித்தார்.

கடைசி எண் மூன்று. ஒரு வாரமாக மேல் அம்புக்குறி கொண்டுவந்து நிறுத்திய வரி இன்னும் அவர் திரையில் இருந்தது. அதில் கடைசி எண் எட்டு. மெதுவாகக் கழுத்தை நீட்டி மைத்துனனின் மேசைச் சீட்டைப் பார்த்தார். அதிலும் எட்டு.

ஸ்டோர் கீப்பர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாத நான் சர்வரைக் கட்டி மேய்க்கப் போகிறேனாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அடுத்தவன் மிஷினில் கை வைத்த குற்றம். இருக்கிற கோடவுனும் போய்விடும்.

எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு மைத்துனன் வந்தான். அத்தான் இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்ததை அவன் கவனித்திருக்க வேண்டும். பக்கத்தில் குனிந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எனக்காக உங்க மிஷினையே அம்போன்னு விட்டுட்டீங்களே, அத்தான். அக்காகிட்ட சொல்லி அழப்போறேன்."

"சரி, சரி. போ" என்றார் ஸ்டோர் கீப்பர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"போறேன். அந்த பாஸ்வேர்டு என்னன்னு மட்டும் சொல்லிடுங்க."