கடலை நேராக்கிய அளவுகோல்

புகைப்படம் திருத்தும் மென்பொருள் ஒன்றில் அளவுகோலும் கத்தரியும் சேர்ந்து வேலை பார்த்தன. ஒருநாள் வந்த படத்தில் கடல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அளவுகோலுக்குப் பொறுக்குமா? படத்தையே திருப்பிக் கடலை நேராக்கியது. சட்டத்துக்கு வெளியே துருத்திய மூலைகளைக் கத்தரி வெட்டியது. அதோடு ஒரு நண்டும் போனது.

"இப்போது தென்னை சாய்கிறதே!" என்றது அளவுகோல்.

"நான் வளர்ந்ததே இப்படித்தான் அண்ணே," என்றது தென்னை.

அளவுகோல் காதிலேயே வாங்கவில்லை. தென்னையை நிமிர்த்தியது, கடல் சாய்ந்தது. மறுபடி கடல், மறுபடி தென்னை. திருப்பத் திருப்பக் கத்தரி வெட்டியது. படகு போனது, கரை போனது.

"போதும் அண்ணே, கை வலிக்கிறது," என்றது கத்தரி.

கடைசியில் தீப்பெட்டி அளவு வெறும் வானம் மிஞ்சியது. அளவுகோல் தள்ளி நின்று ரசித்தது.

"பார்த்தாயா? கோணல் என்று சொல்ல ஒன்றாவது இருக்கிறதா?"