தீயைப் பற்றிய பாடம்

"அடுத்து தீ விபத்து," என்றான் லோவெல். "தீயில மாட்டிக்காம இருக்குறது எப்படின்னு சொல்லிக் குடுக்கணுமாம். சட்டத்துலயே இருக்காம். எழுது."

மகள் டெலாவின் பேனா ஓடியது. இடது கை மடியில் கிடந்தது, மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டோடு.

"இந்தப் பாடம் மட்டும் உனக்கு ஏற்கெனவே நடத்தியாச்சு, இல்ல?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நிமிரவும் இல்லை.

நேற்று வகுப்பில் டீச்சர் அந்தக் கட்டைப் பார்த்து, "எப்படி ஆச்சு?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அதனால் திங்கட்கிழமை முதல் டெலாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டிலேயே ஏழாம் வகுப்பு, அப்பாவே வாத்தியார். அம்மா போய் நாலு வருடம். பள்ளியும் போய்விட்டால் அந்தக் கையைப் பார்க்க இனி யாரும் இல்லை.

வருடம் முழுக்க என்ன சொல்லித்தரப் போகிறோம் என்று ஒரு திட்டம் எழுத வேண்டும். அதைப் பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் பென்சில்வேனியாவில் வேலை முடிந்தது. வாத்தியார் பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதும். லோவெல் முடித்திருந்தான். சான்றிதழ் சுவரில் பந்தாட்டக் கோப்பைக்குப் பக்கத்தில் தொங்கியது. பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தவனை எந்த வாத்தியாரும் பெயிலாக்கவில்லை.

"கணக்குக்கு என்னப்பா போடட்டும்?"

"விறகு அளக்குறது."

"அறிவியல்?"

"மான் அறுக்குறது. உள்ள என்னென்ன இருக்குன்னு பாத்தா அதான் அறிவியல்."

"உடற்பயிற்சி?"

"அந்த விறக யாரு வெட்டுறது?"

பன்னிரண்டு வயதுப் பெண்ணை விறகு வெட்ட விட்டால் அது வேலை. காகிதத்தில் எழுதிவிட்டால் படிப்பு.

"எல்லாத்தையும் ஒரு தடவ வாசி," என்றான். அவள் வாயிலிருந்து தீ, விறகு, மான் எல்லாம் அவன் சொன்ன வரிசையில் ஒரு சொல் பிசகாமல் வந்தன. அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. எங்கேயாவது தடுமாறுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க வந்து யார்கிட்டயாவது வாயத் தொறந்த..."

"தொறக்க மாட்டேன்பா."

வண்டிகளுக்கு நம்பர் பிளேட் வாங்கித் தரும் கடையில்தான் நோட்டரி. 'தள்ளவும்' என்று கையகல எழுத்தில் எழுதியிருந்த கதவை லோவெல் இழுஇழு என்று இழுத்து, கெட்ட வார்த்தை சொன்னான். பின்னால் வந்த டெலா வலது கையால் தள்ளினாள்.

"அடடே, கோப்பை வாங்கின கையாச்சே!" என்றார் நோட்டரி மிஸஸ் காப்சிக். "நீ வாத்தியாராவும் ஆயிட்டியா லோவெல்? ஊரு உருப்பட்டுடும்."

"என்ன பண்றது மிஸஸ் காப்சிக்? பள்ளிக்கூடத்துல கண்டதையும் சொல்லித் தர்றாங்க. நம்ம புள்ளைய நாமதான பாத்துக்கணும்."

"கையில என்ன கண்ணு?" என்று அவர் டெலாவைக் கேட்டார்.

"கேக் செய்யப் போனா," என்றான் லோவெல்.

மிஸஸ் காப்சிக் காகிதங்களை முன்னால் வைத்துக்கொண்டார். "வலது கையத் தூக்கு. இதுலயும் இதோட சேத்திருக்குறதுலயும் உள்ளது எல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றியா?"

"ஒவ்வொரு எழுத்தும் உண்மை."

அந்தக் காலத்தில் விசிறிகளுக்குப் போட்டுப் பழகிய பெரிய கையெழுத்தைப் போட்டான். அவர் முத்திரையை அழுத்தினார். பக்கங்களைச் சரிபார்க்கப் புரட்டியவரின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. மெதுவாக நிமிர்ந்து டெலாவின் கையைப் பார்த்தார்.

"லோவெல், வெளிய லாரி ஒண்ணு வந்து நிக்குது. உன் வண்டியக் கொஞ்சம் நகத்திடேன்."

"இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல," என்று முணுமுணுத்தபடி அவன் வெளியே போனான். வெளியே லாரி எதுவும் இல்லை. மிஸஸ் காப்சிக் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார். போனை எடுத்துப் போலீசின் மூன்று எண்களை அழுத்திக் காதில் வைத்தபடி, அந்தப் பக்கத்தைத் தாழ்ந்த குரலில் படித்தார்.

"'தீ பற்றிய பாடம். என் மகளின் இடது கையை அடுப்பில் வைத்து அழுத்தியது நான்தான். டீச்சர் பார்த்துவிட்டார். இனி யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறேன்.'"

அவர் டெலாவின் பக்கம் திரும்பினார். "சத்தியம் பண்ணி, கையெழுத்தும் போட்டுட்டுப் போறான். எந்த மடையனாவது தன்மேல தானே இப்படி எழுதிக் குடுப்பானா, கண்ணு?"

கதவு குலுங்கியது. வெளியிலிருந்து லோவெல் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

அந்தக் கடைக்குள் வந்த பிறகு டெலா முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது."