பனிமலையில் ஓர் அர்ச்சனை

மவுண்ட் புல்லர் மலையின் பனி மூடிய சரிவில் மிருதுளாவின் போன் மூன்றாவது முறையாக அடித்தது. பனிச்சறுக்கு என்றாலே அம்மாவுக்கு ஆகாது. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தோழிகளுடன் வந்திருந்தாள்.

“எங்கடி இருக்க?” அம்மாவின் குரலோடு மணியோசையும் கேட்டது. வீட்டில் பூஜை போலிருக்கிறது.

“கேரம் டவுன்ஸ் கோயில்லதாம்மா.”

“அப்பாவும் அங்கதானே சேவைக்கு வந்திருக்கார். அவர்கிட்ட போனைக் குடு.”

அந்தக் குளிரிலும் மிருதுளாவுக்கு வியர்த்தது. அப்போது, தடுமாறிச் சறுக்கி வந்த ஒருவர் அவள் காலடியில் தொப்பென்று விழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

அப்பா!

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். “அம்மாப்பா... கோயில்ல இருக்கேன்னு சொல்லிட்டேன்” என்று மிருதுளா போனைப் பொத்திக்கொண்டு கிசுகிசுக்க, அப்பா அதை வாங்கினார்.

“ஆமா பத்மா, இவ என் பக்கத்துலதான் நிக்கிறா. இப்பதான் அர்ச்சனை முடிஞ்சுது.”

“நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் கொடிமரத்துக்கிட்ட வாங்க. அரை மணி நேரமா நான் இங்கதான் நிக்கிறேன்.”